வட்டமாக அமரும் வகுப்பறை

உங்கள் இல்லத்தில் கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ இருப்பின், ‘குரூப் டிஸ்கஷன்’ என்னும் சொல் உங்கள் செவிக்குப் புதிதாக இராது. இறுதியாண்டில் வேலைக்கு ஆள் தேடி நிறுவனத்தார் கல்லூரிக்கு வருகின்றனர். எட்டுப் பத்து மாணவரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒரு தலைப்பைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்கின்றனர். ஓரத்தில் இருவர் அமர்ந்து மதிப்பெண் இடுகின்றனர். முதலில் வாய் திறந்தவர் யார், அதிகம் பேசியவர் யார், மற்றவரை மடக்கியவர் யார் என்பவையே அங்குக் கணக்கில் சேரும் என்று மாணவர் நம்புகின்றனர். பத்துப் பேரில் இருவரோ மூவரோ தேறுவர், எஞ்சியோர் வெளியேறுவர். இதற்கென்றே பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. நாமும் கட்டணம் செலுத்தி அனுப்பி வைக்கிறோம்.

வேலை வேண்டும், ஆகவே அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதே பெயரில் மற்றொரு கலை இருக்கிறது. அங்கே யாரும் வெளியேற்றப்படுவதில்லை. அமர்ந்திருக்கும் அனைவரும் ஒரே ஊரில், ஒரே நாட்டில் நாளையும் சேர்ந்து வாழ வேண்டியவர்கள் என்னும் நினைவோடு, ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்துப் பேசுகின்றனர். மக்களாட்சியில் வாழும் குடிமகனுக்கு முதலில் வேண்டிய பயிற்சி இதுவே எனலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலோருக்குக் கிட்டாத பயிற்சியும் இதுவே.

சற்று எண்ணிப் பாருங்கள். நம் அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை 21ஆக இருந்த வாக்குரிமை வயது 18ஆகக் குறைந்தது. ஆக, கல்லூரியில் காலடி வைக்கும் பிள்ளை அநேகமாக ஓராண்டுக்குள் வாக்காளர் ஆகிவிடுகிறார். ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டோம். ஆனால், தம் கருத்துக்கு நேர்மாறாக எண்ணும் ஒருவரோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசும் பழக்கத்தைக் கல்லூரியின் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் எந்தத் தாளில் கற்பிக்கிறோம்? பாராளுமன்றத்தின் அவைகள் எத்தனை, ஆளுநரை நியமிப்பவர் யார் என்பவற்றை மனனம் செய்து எழுதிவிட்டால் குடிமைக் கல்வி முடிந்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்கூட நடப்பதில்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்னும் நகர் உள்ளது. அங்குள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியை கேட்டி ஹாரிகர், தொடர்பியல் பேராசிரியை ஜில் மக்மில்லன் ஆகிய இருவரும் 2001ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த மாணவரில் முப்பது பேரைத் தேர்ந்து, பட்டம் பெறும் வரை நான்கு ஆண்டுகள் கலந்துரையாடலில் பழக்குவது. அதே ஆண்டில் சேர்ந்து, இப்பயிற்சி பெறாத வேறு மாணவரையும் ஒப்பீட்டுக்காக உடன் கவனித்து வருவது. இதுவே திட்டம். இத்தகைய பொது விவாத முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் கெட்டரிங் அறக்கட்டளை இதற்குத் துணை நின்றது.

அந்தக் கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களிலேயே செப்டம்பர் 11 தாக்குதல்கள் நடந்தன. அதன்பின் அந்நாட்டில் எத்தகைய அச்சமும் ஐயமும் பரவின, முஸ்லிம் பெயர் தாங்கிய மாணவர்கள் எவ்வாறு பார்க்கப்பட்டனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வேளையில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அமர்த்தி, மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்கப் பழக்குவது எளிய செயலாக இருந்திருக்க முடியாது.

முதலாண்டில் அந்த முப்பது பேருக்கும் கலந்துரையாடலின் கோட்பாடும் செய்முறையும் பாடமாயின. இரண்டாம் ஆண்டில் தம் வளாகத்திலேயே ஒரு பொது உரையாடலை அவர்களே ஏற்பாடு செய்தனர். மாணவரிடையே ஒரு குடும்பம் போன்ற பிணைப்பு ஏன் இல்லை, அதை எப்படி உண்டாக்குவது என்பதே பொருள். மூன்றாம் ஆண்டில் வளாகச் சுவரைத் தாண்டி நகரத்து மக்களோடு அமர்ந்தனர். நகரம் கட்டுப்பாடின்றி வயல்வெளிகளுக்குள் பரவுவதைப் பற்றிப் பேசினர். நான்காம் ஆண்டில் கற்றதைத் திரும்பிப் பார்த்தனர்.

விளைவு என்ன? கல்லூரியில் நுழைந்தபோது இரு சாராரும் அரசியலை ஒரு தொலைதூரச் சாக்கடையாகவே கண்டனர். அது நமக்கு ஆகாது, நம்மால் ஒன்றும் ஆகாது என்பதே அவர்கள் பேச்சு. பட்டம் பெறும் வேளையில், பயிற்சி பெறாதோர் குடிமையைப் பெரும்பாலும் ‘நான்’, ‘என் வாக்கு’, ‘என் உரிமை’ என்றே விளக்கினர். பயிற்சி பெற்றோர் பேச்சில் ‘நாம்’ அதிகம் வந்தது. அரசியலின் குறைகளை அவர்கள் இன்னும் கூர்மையாகக் கண்டனர். ஆனால் தம்மால் ஏதேனும் செய்ய இயலும் என்னும் நம்பிக்கையும் அவர்களிடம் கூடியிருந்தது. இரு பேராசிரியைகளும் இதனை 2007இல் நூலாக எழுதினர். பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்தபின் அதே மாணவரைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, அலுவலகத்திலும் இல்லத்திலும் அப்பழக்கம் தமக்கு இன்னும் கைகொடுப்பதாக அவர்கள் கூறினர். முப்பது பேரைக் கொண்டு உலகையே அளந்துவிட முடியாதுதான். ஆயினும் ஒரு பயிற்சியின் பயனைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும் பொறுமை கல்வித்துறையில் அரிதாகவே காணப்படுகிறது.

பட்டிமன்றத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் மக்கள் பட்டிமன்றத்தை விரும்பிக் கேட்பவர்கள். ஆனால் அங்கே அணி முன்பே பிரிக்கப்பட்டிருக்கும். தம் அணியின் கட்சியை விட்டு ஒருவர் எதிரணியின் நியாயத்தை ஒப்புக்கொண்டால் மேடையே சிரிக்கும். தீர்ப்பு நடுவருடையது, அவையோர் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். கலந்துரையாடலிலோ அணி இல்லை. நடத்துநர் உண்டு, அவர் தீர்ப்புக் கூறமாட்டார், தம் கருத்தையும் வெளியிடமாட்டார். ஒருவரே பேசிக்கொண்டு போனால் தடுப்பார். வாய் மூடியிருப்பவரை மென்மையாக அழைப்பார்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஓர் ஊரின் நடுவே காய்கறிச் சந்தை இருக்கிறது. நெரிசலால் ஆம்புலன்சும் நுழைய முடியவில்லை. சந்தையைப் புறவழிச்சாலைக்கு மாற்றலாமா என்பது கேள்வி. பட்டிமன்றமானால் மாற்றலாம், மாற்றக்கூடாது என இரண்டே கட்சிகள். கலந்துரையாடலுக்கு ஆயத்தம் செய்பவர்களோ மூன்று அல்லது நான்கு வழிகளைச் சிறு கையேடாக எழுதுகின்றனர். முழுவதும் வெளியே மாற்றுவது ஒன்று. மொத்த வியாபாரத்தை மட்டும் மாற்றிச் சில்லறைக் கடைகளை இருக்குமிடத்தில் விடுவது ஒன்று. இடத்தை மாற்றாமல், சரக்கு இறக்கும் நேரத்தை நள்ளிரவுக்கு ஒதுக்குவது ஒன்று. ஒவ்வொரு வழிக்கும் நன்மை இன்னது, அதற்கு யார் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதும் அதிலேயே இருக்கும். தலைச்சுமையாய்க் கீரை கொண்டுவரும் மூதாட்டி புறவழிச்சாலைவரை எப்படிப் போவார்? நள்ளிரவில் மூட்டை இறக்கினால் சந்தையை ஒட்டிய வீடுகளில் குழந்தைகள் எப்படி உறங்கும்? இவ்வாறு பேசத் தொடங்கும்போது, தாம் விரும்பும் வழியின் குறையைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டிய கட்டாயம் ஒவ்வொருவருக்கும் ஏற்படுகிறது. இந்தக் கட்டாயத்தில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்னும் சகோதரர்கள் வகுத்த முறை இதனினும் கண்டிப்பானது. நால்வர் ஒரு குழு. இருவர் ஒரு பக்கத்தை எடுத்து வாதிடுவர். மற்ற இருவர் எதிர்ப்பக்கம். பிறகு இடம் மாறி, சற்றுமுன் மறுத்த கருத்தையே ஆதரித்து மனமொன்றிப் பேச வேண்டும். அதன்பின் இரு பக்கத்தையும் கைவிட்டு, நால்வரும் உடன்படக்கூடிய ஒரு முடிவை எழுதித் தர வேண்டும். எதிரியின் வாதத்தை அவரே ‘ஆம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஏற்கும்படி எடுத்துரைக்க முடியாதவர், அதை மறுக்கவும் தகுதியற்றவர் அன்றோ!

இனி, நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் இடத்துக்கு வருகிறேன். வட்டமாக அமர்த்திவிட்டால் அனைவரும் சமமாகிவிடுவார்களா? ஆகமாட்டார்கள். லின் சாண்டர்ஸ் என்னும் அறிஞர் 1997இல் எழுதிய கட்டுரையில் இதையே சுட்டினார். அமெரிக்க ஜூரிகளின் அறைகளைப் பற்றிய ஆய்வுகளை எடுத்துக்காட்டி, அங்கு ஆண்களும் மேல்நிலையில் உள்ளோருமே அதிகம் பேசுகின்றனர், மற்றவர் பேச்சு எடுபடுவதில்லை என்றார். கிறிஸ்டோபர் கார்போவிட்ஸ், டாலி மெண்டல்பர்க் ஆகிய இருவர் ஐந்து ஐந்து பேராக அமர்த்திச் சோதித்து 2014இல் நூல் வெளியிட்டனர். பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் குழுவில் பெண்கள் சிறுபான்மையாக இருந்தால் அவர்கள் பேச்சு வெகுவாகச் சுருங்குகிறது. முடிவுக்கு அனைவரின் சம்மதமும் வேண்டும் என்று விதி மாறினால், அதே பெண்கள் கூடுதலாகப் பேசுகின்றனர். பேசாமை பெண்ணின் இயல்பு என்று நாம் கூறி வந்ததில், விதியின் பங்கு எவ்வளவு இருந்திருக்கிறது பாருங்கள்!

இதை நம் பிள்ளைகளின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். அறுபது பேர் கொண்ட வகுப்பில் நம் சமுதாயப் பிள்ளைகள் மூவரோ நால்வரோ இருப்பர். ஷரீஅத் சட்டமோ, இட ஒதுக்கீடோ, முக்காடோ பேச்சில் வந்துவிட்டால் வகுப்பு முழுவதும் அவர்கள் பக்கம் திரும்புகிறது. ஒரு பிள்ளை, ஒரு சமுதாயத்தின் முழு வழக்கறிஞராக அங்கே நிறுத்தப்படுகிறது. சில பிள்ளைகள் பாய்ந்து வாதாடி, அன்று மாலை நண்பர்களை இழந்து வருகின்றனர். பெரும்பாலோர் தலைகுனிந்து நோட்டுப் புத்தகத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கின்றனர். ‘எதற்கு வம்பு, வாய் திறக்காமல் படித்துவிட்டு வா’ என்று வாப்பாவும் உம்மாவும் சொல்லி அனுப்பிய அறிவுரையும் நினைவில் நிற்கிறது. அந்த அறிவுரை அன்பினால் பிறந்தது. அதன் காரணமும் எனக்குப் புரிகிறது. ஆனால் பதினெட்டு வயதில் வகுப்பறையில் பேசாத பிள்ளை, நாற்பது வயதில் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்பதில்லை. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நம் தெருக்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருக்கின்றன என்று கணக்கிட்டால், இந்த மௌனத்தின் விலை தெரியவரும்.

நல்ல நடத்துநர் இந்த இக்கட்டை அறிந்திருப்பார். ஸ்டீபன் புரூக்ஃபீல்டு, ஸ்டீபன் பிரெஸ்கில் ஆகிய இரு ஆசிரியர்கள் 1999இல் எழுதிய நூலில், வகுப்புக் கலந்துரையாடலுக்கு ஓர் எளிய வழியைக் கூறினர். நால்வர் ஐவராக வட்டமிட்டு, முதலில் சில நிமிடம் ஒருவரும் பேசாமல் எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் குறித்த சில நிமிடங்கள். அந்நேரத்தில் யாரும் குறுக்கிடக்கூடாது. அடுத்த சுற்றில்தான் திறந்த பேச்சு. அதிலும் பிறர் கூறியதைப் பற்றி மட்டுமே பேசலாம், தம் சரக்கைப் புதிதாக இறக்கக்கூடாது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரும் அடைக்கலம். அவள் நேரம் அவளுக்குக் கட்டாயம் வரும். அதைப் பறிப்பார் இல்லை. மேலும், அவள் கூறியதை அடுத்தவர் எடுத்துப் பேசியே ஆகவேண்டும்.

எந்தப் பொருளை எடுத்துப் பேசுவது? அமெரிக்கக் கையேடுகள் நமக்கு எதற்கு? நம் அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் பல தொகுதிகளாக அச்சில் கிடைக்கின்றன. சபையில் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றுள் முன்மொழிந்து பேசப்பட்டவை 2,473. இந்தக் கணக்கை 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கரே சபையில் கூறினார். அதே உரையில், காமத், கே.டி. ஷா போன்று ஓயாமல் மறுத்துப் பேசிய உறுப்பினர்களுக்கு அவர் நன்றியும் கூறினார். அவர்கள் இல்லாதிருந்தால் கொள்கைகளை விளக்கும் வாய்ப்பே தமக்குக் கிட்டியிராது என்பது அவர் கருத்து. எதிர்த்தவருக்கு நன்றி கூறும் அந்தப் பண்பை இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் தேடிப் பாருங்கள்.

1948 நவம்பர் 23ஆம் நாள் நடவடிக்கைகளை ஒரு வகுப்பில் வைக்கலாம். அன்றுதான் பொது சிவில் சட்டம் பற்றிய வரைவு 35ஆவது பிரிவு விவாதத்துக்கு வந்தது. பின்னர் அதுவே 44ஆவது பிரிவாயிற்று. எந்தப் பிரிவினரும் தம் சொந்தச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்று, சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். போக்கர் சாகிப், நஸிருத்தீன் அஹமது, மஹபூப் அலி பேக் ஆகியோரும் பேசினர். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்துரைத்தனர். இறுதியில் அம்பேத்கர் திருத்தங்களை ஏற்கவில்லை. ஆயினும் அச்சத்தைத் தணிக்கும் வகையில், விரும்பி ஒப்புக்கொள்வோருக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும் என்று எதிர்காலப் பாராளுமன்றம் தொடங்கக்கூடும் என்றார். இன்றளவும் ஓயாத ஒரு வழக்கின் இரு பக்கமும், கூச்சலின்றி, ஒரே நாளின் பதிவில் கிடைக்கின்றன. முஸ்லிம் மாணவர் முன்ஷியின் வாதத்தையும், பிற மாணவர் இஸ்மாயில் சாகிபின் வாதத்தையும் எடுத்துரைக்கட்டும். பிறகு இடம் மாறட்டும். அப்பொழுது எந்தப் பிள்ளையும் தன் சமுதாயத்துக்காகத் தனித்து நிற்க வேண்டிய நிலை இராது.

நம் பெண்மக்களுக்கு 1949 மே மாத விவாதத்தைப் பரிந்துரைப்பேன். சட்டமன்றங்களில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாகிப் வாதிட்டார். அதே சபையில், முஸ்லிம் லீகின் சார்பில் வந்தவரும், சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினருமான பேகம் ஐஸாஸ் ரசூல், இட ஒதுக்கீடே வேண்டாம் என்று பேசினார். எவர் கருத்து சரி என்பதில் உங்களுக்கு ஒரு முடிவு இருக்கும், எனக்கும் உண்டு. ஒரே சமுதாயத்தின் இரு பெரியோர் நாடறிய மாறுபட்டு நின்றும் கண்ணியம் குலையவில்லை என்பதை நம் பிள்ளைகள் கண்ணால் படித்தறிய வேண்டும்.

பேசிப் பேசியே காலம் கழிப்பதால் என்ன கிட்டும் என்று கேட்போரும் உண்டு. இக்கேள்வி வெறும் கிண்டலன்று. டயானா மட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட நூலில், மாற்றுக் கருத்தினரோடு அதிகம் பழகுவோர் தேர்தல் பணியில் தீவிரமாக இறங்கத் தயங்குகின்றனர் என்று காட்டினார். எல்லார் பக்கத்திலும் நியாயம் தெரியத் தொடங்கிவிட்டால் கொடி பிடிக்கும் கை தளர்கிறது போலும். இதற்கு முழு மறுமொழி என்னிடம் இல்லை. ஆனால் வேறொரு நிகழ்ச்சியைக் கூற முடியும்.

வின்ஸ்டன்-சேலத்துக்கு அண்மையில் கிரீன்ஸ்பரோ என்னும் நகர் உள்ளது. அங்கு, கறுப்பின மக்களுக்கான கல்லூரியில் முதலாண்டு படித்த நான்கு மாணவர், விடுதி அறையில் இரவு நேரங்களில் கூடிப் பேசி வந்தனர். அநீதியைக் கண்டும் வாளாவிருப்பவன் நிலை என்ன என்பதே அவர்கள் பேச்சு. பிறகு 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய உல்வொர்த் கடையின் உணவு மேடையில் போய் அமர்ந்தனர். பரிமாற மறுத்தனர், அவர்கள் எழவில்லை. சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். பல நகரங்களுக்குப் பரவியது. அதே மாதத்தில் வின்ஸ்டன்-சேலத்தில் வேக் ஃபாரஸ்டின் வெள்ளை மாணவர் பத்துப் பேரும் கறுப்பின மாணவரோடு சேர்ந்து அமர்ந்து கைதாயினர். ஜூலை இறுதிக்குள் கிரீன்ஸ்பரோ கடை பணிந்தது. அந்த நால்வருள் ஒருவரான எஸல் பிளேர் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி ஜிப்ரீல் கஸ்ஸான் எனப் பெயர் கொண்டார் என்பதும் வாசகர் அறியத்தக்கது. நால்வரை அந்த மேடைக்கு அழைத்துச் சென்றது இரவுகளில் பேசிய பேச்சேயன்றி வேறென்ன?

கல்லூரி நடத்தும் நம் பெரியோருக்கு ஒரு வேண்டுகோள். சென்னை நியூ காலேஜ், திருச்சி ஜமால் முகம்மது, பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா எனப் பல கலாசாலைகளை நம் முன்னோர் எழுப்பிச் சென்றனர். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்குச் சேர்ந்து பயில்கின்றனர். இப்பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான களம் ஏது? வாரம் ஒருமணி நேரம் போதும். பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தால் மரத்தடிக்குப் போகலாம். அறுபது பேரை ஆறு ஆறாகப் பிரித்தால் பத்து வட்டங்கள். மூத்த மாணவர் பத்துப் பேரை நடத்துநராகப் பழக்கிவிட்டால் ஓர் ஆசிரியரே மேற்பார்வையிட முடியும். மதிப்பெண் மட்டும் வேண்டாம்; மதிப்பெண் நுழைந்தால் அது மறுபடியும் வேலைக்கான தேர்வாகிவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். அதுவரை குறைவாகப் பேசிய பிள்ளையிடம், இன்று கேட்டவற்றுள் உன்னைத் தயங்க வைத்தது எது என்று நடத்துநர் கேட்கட்டும். மறுமொழி வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கட்டும்.